மகள் சொன்ன பந்தாட்டக்காரர்

அந்த மனிசன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, வாசலிலேயே குனிந்து என் வலக்கையைப் பிடித்து அதில் முத்தம் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. என்னுடைய அவர் உயிரோடு இருந்த காலத்தில்கூட ஆட்கள் பார்க்க என் கையைத் தொட்டது கிடையாது. நான் கையை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய் பைப்பைத் திறந்து கழுவினேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, அது அவையின்ர நாட்டு மரியாதை. வயசான பொம்பிளையளுக்கு அப்பிடித்தான் செய்வினம்."

"மரியாதையைத் தூர நிண்டு குடுக்கலாம்தானே."

"மெதுவாய்க் கதையுங்கோ."

"ஏன், அவருக்குத் தமிழ் விளங்குமே?"

"தமிழ் விளங்காது. உங்கட முகம் விளங்கும்."

நாங்கள் ஜெர்மனியில், ஹம் நகரத்தில் இருக்கிறோம். ரெயில் பாதைக்குப் பக்கத்து மாடிக்கட்டடம், மேல் மாடி. மகளுக்கு ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை. அல்டன்ஹைம் என்பார்கள் இங்கே. அந்த மனிசன் அதே இடத்தில் ஹவுஸ்மைஸ்ரர். பல்ப் போனால் மாற்றுவது, கதவு இறுகினால் இளக்கிவிடுவது, பனி கொட்டினால் வாசலில் உப்புப் போடுவது அவருடைய வேலை. ருமேனியாக்காரர். ஐம்பது வயது தாண்டியிருக்கும். தலையில் மயிர் இல்லை. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். மகளுக்கும் நாற்பது முடிந்துவிட்டது.

ஆனால் மகள் என்னிடம் அவரைப் பற்றி முதலில் சொன்னபோது ஹவுஸ்மைஸ்ரர் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. "ருமேனியா நாட்டுக்காக விளையாடின உதைபந்தாட்டக்காரர் அம்மா" என்றுதான் சொன்னாள். ஹவுஸ்மைஸ்ரர் என்பது பிறகு, கதையோடு கதையாக, தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரத்தில் வந்தது. அப்போதே எனக்கு ஐமிச்சம் பிடித்துவிட்டது. நாட்டுக்கு விளையாடினவர் எதற்காக ஒரு வயோதிபர் இல்லத்தில் ஏணியில் ஏறி நிற்கவேண்டும்?

ஐமிச்சம் எனக்குச் சும்மா வருவதில்லை. மகளின் முதல் கலியாணம் நான் பார்த்துச் செய்தது. மாப்பிள்ளை லண்டனில் கணக்காளர் என்று சொன்னார்கள். நாங்கள் எங்கள் ஆட்கள் செய்கிற மாதிரியே விசாரித்தோம். அவர்களுடைய ஊரில், பக்கத்து வீட்டில், கோயிலடியில், எல்லா இடமும் ஆள் வைத்துக் கேட்டோம். நல்ல இடம், நல்ல பொடியன் என்று ஒருவர் தவறாமல் சொன்னார்கள். கலியாண எழுத்து முடிந்து போன பிறகுதான் தெரிந்தது, அவர் கணக்காளர் இல்லை, கணக்காளர் கந்தோரில் கடிதம் பிரிக்கிறவர் என்று. அதுகூடப் பரவாயில்லை. அங்கே அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பமும் இருந்தது. மகள் ஒரு சூட்கேசோடு திரும்பி வந்தாள்.

நாங்கள் மட்டும் சும்மா இருந்தோமா என்றால் அதுவும் இல்லை. அந்த நேரம் அவள் வயோதிபர்களைக் குளிக்க வார்க்கிற வேலைதான் செய்தாள். நாங்கள் "மெடிக்கல் பக்கம்" என்று சொல்லிவைத்தோம். கலியாணப் பேச்சில் ஒரு படி ஏற்றிச் சொல்வதை எங்கட சனம் பொய் என்று எடுப்பதில்லை. கேட்கிறவர்களும் ஒரு படி இறக்கித்தான் கேட்பார்கள். அந்தக் கணக்கு இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

இந்த முறை மகள் என்னிடம் ஒன்று சொன்னாள். "முதல் தரம் உங்களுக்காக நான் ஓம் எண்டனான். இந்த முறை எனக்காக நீங்கள் ஓம் எண்டு சொன்னால்தான் எழுத்து. இல்லையெண்டால் இல்லை. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

அப்படிச் சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கத் தொடங்கினாள். அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனிசன் வரத் தொடங்கினார். வந்தால் சோபாவின் விளிம்பில் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு முன்னால் இருக்கிற பிள்ளை மாதிரி இருப்பார். நான் எதிரில் உள்ள கதிரையில் இருப்பேன், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு. எனக்கு அந்நிய ஆட்களோடு கதைக்க வராது. சொந்தக்காரரோடேயே வராது. மகள் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொல்லுவாள்.

என்னுடைய ஜெர்மன் கூட்டித் துடைக்கிற ஜெர்மன். வாளி, ஈரம், கவனம், திறப்பு, முடிஞ்சுது. முப்பது வருசம் இந்த நாட்டில் வேலை செய்தும் இதற்கு மேல் தேவைப்படவில்லை. அவருடைய ஜெர்மனோ ஓடுகிற தண்ணீரில் கல் உருளுகிற மாதிரி. எனக்கு ஒன்றும் பிடிபடாது. அதனால் நான் அவருடைய கண்ணையும் கையையும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகள் சொன்ன கதை இதுதான். ஆற்றங்கரையில் இரும்புத் தொழிற்சாலை உள்ள ஒரு பட்டினத்தில் பிறந்தவர். தகப்பன் அந்தத் தொழிற்சாலையில் வேலை. பதினாறு வயதிலேயே பெரிய ஆட்களோடு விளையாட எடுத்துவிட்டார்களாம். பேந்து தலைநகரத்துக் கழகம், பேந்து நாட்டு அணி. நடுவில் நின்று விளையாடுகிறவர். முன்னுக்கு நிற்கிறவர்களுக்கும் பின்னுக்கு நிற்கிறவர்களுக்கும் இடையில் நின்று முழு ஆட்டத்தையும் கொண்டுபோகிற ஆள். நாட்டு அணிக்கு கப்டனாகவே இருந்தாராம். உலகக் கிண்ணத்துக்குப் போனாராம். அவர் இறங்கினால் சனம் எழும்பி நிற்குமாம். ஜெர்மனியில் ஒரு பெரிய கழகம் அவரைக் கேட்டு எடுத்ததாம். பிறகு முழங்கால் போய்விட்டது.

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. சில நேரம் அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு நெடுநேரம் கதைப்பார், முகம் வாடியிருக்கும். மகள் "ஒரு முக்கியமான ஆட்டத்தை வெண்டு குடுத்தவராம்" என்று முடித்துவிடுவாள். வேறு நேரம் அவர் இரண்டு சொல் சொல்லித் தோளைக் குலுக்குவார். மகள் ஒரு நாடகமே சொல்லுவாள். வென்ற கதையை எதற்கு இந்த மனிசன் செத்த வீட்டு முகத்தோடு சொல்லுகிறார்? புளுகுகிறவனுக்குத் தன் புளுகிலேயே சலிப்பு வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

தம்பியிடம் சொன்னேன். என்னுடைய ஒரே தம்பி, பக்கத்துப் பட்டினத்தில் கடை வைத்திருக்கிறான். தமிழ் விளையாட்டுக் கழகத்தில் பெரிய ஆள். அவன் ஒரு பின்னேரம் வந்து போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். பழைய படம். மஞ்சள் உடுப்பில் இளம் பொடியன்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் ஒருவனைக் காட்டி, "பேர் இதுதான், ஆள் இவனோ தெரியாது" என்றான். அந்தப் பொடியனுக்குத் தோள் வரைக்கும் மயிர்.

"காதைப் பெருசாக்கு" என்றேன்.

"என்னக்கா?"

"மயிர் போகும், பல்லுப் போகும், காது மாறாது. பெருசாக்கிக் காட்டு."

பெரிதாக்கினால் படம் சதுரம் சதுரமாக உடைந்துபோனது. காதும் இல்லை, ஆளும் இல்லை. தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன இடத்தில், பொதிகள் பிரிக்கிற கூடத்தில் வேலை செய்கிற ஒரு அக்காவைப் பிடித்தேன். அவவோடு வேலை செய்கிறதில் பாதி ருமேனியாக்காரர். மகளின் போனில் இருந்த மனிசனின் படத்தை அவவுக்கு அனுப்பச் செய்து, விசாரிக்கச் சொன்னேன். எங்கட ஊர் விசாரணை மாதிரித்தான், இடம் மட்டும் வேறு. அடுத்த கிழமை அந்த அக்கா தேர் மண்டபத்துக்குப் பக்கத்தில் என்னைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கிவிட்டா.

"கேட்டனான். ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாதாம். ஆனால் ஒரு கிழவன் சொல்லுறான், 'அக்கா, இஞ்ச லொறி ஓட்டுற ருமேனியன் எல்லாரும் ஊரில பந்தடிச்சவங்கள்தான், மிச்சம் இருக்கிறவங்கள் பாட்டுக்காரங்கள்' எண்டு."

நான் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு சூட்கேஸ் இந்தப் படியேறி வருவதை நான் பார்க்கவேண்டுமா?

தம்பிதான் ஒரு வழி சொன்னான். கோடையில் கழகத்தின் விளையாட்டுப் போட்டி வருகிறது. ஜெர்மனி முழுக்க இருந்து தமிழ்ப் பொடியன்களின் அணிகள் வரும். "பிரதம விருந்தினராக் கூப்பிடுவம் அக்கா. பொன்னாடை போர்த்தி, ஆளை மைக்குக்கு முன்னால விடுவம். உண்மையெண்டால் எங்களுக்கும் பெருமை. பொய்யெண்டால் அவர் வரமாட்டார், ஏதும் சாட்டுச் சொல்லுவார்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. பொய்க்காரனுக்கு மைக் என்றால் பயம் இருக்கும்.

ஆனால் அவர் சாட்டு ஒன்றும் சொல்லவில்லை. வருகிறேன் என்றுவிட்டார். மகளுக்கும் முகம் மலர்ந்திருந்தது. "நான் பக்கத்தில நிண்டு மொழிபெயர்ப்பன்" என்று தம்பியிடம் சொன்னாள். அதற்குத் தம்பி, "சீச்சீ, பொம்பிளை தன்ர மாப்பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டு மேடையில கதைக்கிறது வடிவில்லை பிள்ளை. சனம் என்ன சொல்லும்? அறிவிப்புச் செய்யிற பிள்ளை ரெண்டு பாஷையும் கதைக்கும், அவள் பாப்பாள்" என்றான். மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். மாமன் அசையவில்லை. அன்றைக்கு இரவு மகள் சாப்பிடவில்லை. எனக்கு அது ஏனென்று அப்போது விளங்கவில்லை.

போட்டி நடந்த மைதானம் நகரத்துக்கு வெளியில், பெருந்தெருவுக்குப் பக்கத்தில். கூடாரம் அடித்து கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வயதான பெண்களோடு நிழலில் கதிரை போட்டு இருந்தேன். அந்த மனிசன் இஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சேட்டில் வந்திருந்தார். தம்பி அவரை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் குத்துவிளக்கு ஏற்றச் செய்தான். ஒரே தீக்குச்சியால் எல்லாத் திரியையும் பற்றவைத்தார். அதையும் கவனித்தேன்.

அறிவிப்புச் செய்தது இங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை. தம்பி சொல்லிக் கொடுத்ததை அவள் கணீரென்று சொன்னாள். "ருமேனிய தேசிய உதைபந்தாட்ட அணியின் முன்னாள் தலைவர், உலகக் கிண்ணப் போட்டிகளில் தன் நாட்டை வழிநடத்திய மத்தியகள வீரர்..." சனம் கைதட்டியது. தம்பி பொன்னாடையைப் போர்த்தினான். அவர் அந்தப் பிள்ளையின் பக்கம் குனிந்து என்னவோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு, தான் அறிவித்ததை ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள்.

அவருடைய கழுத்து சிவந்து வந்தது. காது வரைக்கும் ஏறியது. நான் அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக்கை வாங்கினார். ஜெர்மனில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். முதலில் பொடியன் பெட்டைகளின் பக்கம் சலசலப்பு எழும்பியது. சிலர் சிரித்தார்கள், சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாங்கள் கிழவிகள் ஒன்றும் விளங்காமல் அவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கித் தமிழில் சொல்லத் தொடங்கியபோதுதான் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

"தான் ஒருபோதும் தலைவராக இருக்கேல்லையாம். நாட்டு உடுப்பைக் கொஞ்சத் தரம்தான் போட்டவராம். கனதரம் மைதானத்துக்கு வெளியில வாங்கில இருந்து பார்த்தவராம். உலகக் கிண்ணத்துக்குப் போகேல்லையாம். போற ஆக்களில தன்ர பேரும் இருந்ததாம், முழங்காலாலை எடுத்துப்போட்டினமாம். ஜெர்மனியிலையும் சின்னக் கழகம்தானாம். பிள்ளையளுக்குப் பந்தைத் தொடக்கி வைக்க ஆள் வேணுமெண்டு நினைச்சுத்தான் வந்தவராம். இந்த மரியாதை தனக்குரியது இல்லையாம். மன்னிக்கட்டாம்."

பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து, கடைக்காரன் மாதிரி வடிவாக நாலாய் மடித்து, தம்பியின் கையில் கொடுத்தார். பிறகு மேடையால் இறங்கி மைதானத்தின் நடுவுக்கு, காலை இழுத்து இழுத்து நடந்து போனார். எல்லாரும் ஒரு பெரிய உதையை எதிர்பார்த்தார்கள். அவர் பந்தைக் கிட்ட நின்ற பொடியனின் காலுக்குப் பக்கவாட்டில் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்.

"இவ்வளவுதானோ!" என்று ஒருவன் கத்தினான். "இதுக்கு நான் அடிச்சிருப்பன் அண்ணை!" என்றான் இன்னொருவன். சிரிப்பு எழும்பியது.

தம்பி மூச்சு வாங்க என்னிடம் வந்தான். "பாத்தியளே அக்கா? அசல் புளுகன். இவ்வளவு நாளும் உங்கட வீட்டில இருந்து அவிட்டு விட்டிட்டு, சனத்தைக் கண்டவுடன பயத்தில கக்கிறான். விட்டுத் தொலையுங்கோ இவனை."

பக்கத்தில் இருந்த பெண்களும் அதைத்தான் சொன்னார்கள். எல்லாருக்கும் பொய்க்காரன் அகப்பட்ட சந்தோசம். எனக்கு மட்டும் ஒன்று இடித்தது. புளுகுகிறவன் போர்த்தின பொன்னாடையைக் கழற்றிக் கொடுப்பானா? யாரும் அவனை மறுத்துக் கேட்கவில்லையே. கைதட்டிக்கொண்டுதானே இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இரவுச் சாப்பாடும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

நான் மகளைத் தேடினேன். அவள் தண்ணீர்ப் போத்தல் அடுக்கியிருந்த இடத்தில் தனியாக நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, மைதானத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு அந்த முகம் தெரியாதா? சின்ன வயதில் சீனிப் போத்தலை உடைத்துவிட்டு பூனை என்று சொன்ன முகம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. அவர் நெடுநேரம் சொன்னதும் இவள் சுருக்கினதும், அவர் தோளைக் குலுக்கினதும் இவள் நாடகம் போட்டதும். இவ்வளவு மாதமும் நான் ஆளை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து குசினியில் கேட்டேன். "அவர் சொன்னதோ, நீ சொன்னதோ?"

"எது?"

"கப்டன்."

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஹவுஸ்மைஸ்ரர் எண்டு மட்டும் சொல்லியிருந்தால் நீங்கள் ஓம் எண்டிருப்பியளோ? மாமா ஓம் எண்டிருப்பாரோ? நாட்டுக்குக் கொஞ்சம் விளையாடினவர் எண்டு சொன்னால் கொஞ்சம் எண்டதுதானே எல்லாற்ற காதிலையும் விழும்?"

"அதுக்காக..."

"நீங்கள் என்னை மெடிக்கல் பக்கம் எண்டு சொன்னனீங்கள்தானே. எனக்கும் தெரியும் அம்மா, எப்பிடிச் சொல்லுறதெண்டு."

நான் அரிசியைக் கழுவினேன். கழுவின அரிசியையே திரும்பவும் கழுவினேன்.

அதோடு அந்த மனிசன் வருவது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தால் மகள் யன்னலடியில் நிற்பாள், பிறகு அறைக்குள் போய்விடுவாள். "வேலையில கதைக்கிறவரோ?" என்று கேட்டேன். "கதைக்கிறார். பல்பைப் பற்றி" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வேண்டாம் என்றுதானே இருந்தேன். ஆனால் மகள் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலுமாரியில் வைக்கும்போது, அந்தக் கோப்பை வைக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வேலைநாள் காலையில் மணி அடித்தது. கதவுக் கண்ணால் பார்த்தேன். அவர். மகள் காலைவேலைக்குப் போயிருந்தாள். அவள் வீட்டில் இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது, ஒரே இடத்தில்தானே வேலை. பிறகு ஏன் வந்தார்? சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சம் திறந்தேன்.

"மகள் வேலை" என்றேன், என் ஜெர்மனில்.

"தெரியும். உங்களிட்டை வந்தனான்" என்றார். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை. குனியவுமில்லை.

ஆம்பிளை ஆளைத் தனிய உள்ளே விடுவதா என்று யோசித்தேன். இருந்தாலும் திறந்தேன். கீழ்வீட்டுக்காரி வீட்டில் இருந்தாள், அந்தத் தைரியம்தான். தேத்தண்ணீர் வைத்தேன். நடுவில் மகள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் இருந்தது அதுதான் முதல் தரம். நான் இங்கே எழுதுவது எனக்கு விளங்கின மாதிரி. இரண்டு பேருடைய ஜெர்மனும் நொண்டிதான், ஆனால் மெதுவாகச் சொன்னால் அவர் சொல்வது எனக்குப் பிடிபட்டது. எனக்கு விளங்காவிட்டால் கையால் காட்டினார்.

"என்னைப் பற்றி அவள் உங்களுக்குச் சொன்னது எல்லாம் எனக்கு இப்ப தெரியும்" என்றார். "இப்ப நான் உங்களைக் கேக்கவேணும். உங்களைப் பற்றி எனக்குச் சொன்னது உண்மையோ?"

"என்ன சொன்னவள்?"

"நீங்கள் யாழ்ப்பாணத்தில பெரிய பள்ளிக்கூடத்தில தலைமை ஆசிரியை."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. பிறகு பயம். இந்த மனிசன் சோபா விளிம்பில் முதுகை நிமிர்த்தி இருந்தது இதற்காகத்தானா? எனக்குப் பயந்தா? அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை இத்தனை நாளும் பார்த்த அதே பார்வை. அவரும் விசாரணைக்குத்தான் வந்திருக்கிறார். தமையன், மாமன், கோயிலடி என்று கேட்டுச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. தானே வந்திருக்கிறார்.

தலையை ஆட்டினால் போதும். மகள் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும், அவர் அவளிடம் திரும்பிப் போவார். எனக்கும் ஒரு தலைமை ஆசிரியை மரியாதை மிஞ்சும். அந்த நேரம் நான் அதை யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"இல்லை" என்றேன். "பள்ளிக்கூடத்தில வேலை செய்தது உண்மை. இஞ்ச, இந்த ஊரில. கூட்டித் துடைக்கிற வேலை." படிப்பு என்ன என்று அவர் கேட்கவில்லை. நானே ஐந்து விரலைக் காட்டினேன். "அஞ்சாம் வகுப்பு. அதோட முடிஞ்சுது."

அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கச் சிரித்தார். முதுகு முதன்முதலாகச் சோபாவில் சாய்ந்தது.

"அவள் வேற எதிலையும் பொய் சொல்லுவாளோ?" என்று கேட்டார். சிரிப்பு நின்றிருந்தது.

இதற்குச் சரியான சொற்கள் என்னிடம் இல்லை. இருந்தவற்றை வைத்துச் சொன்னேன். "பொய், ஓம். விட்டிட்டுப் போறது, இல்லை." பிறகு யோசித்து, "ஆக்களை உயர்த்தத்தான் பொய் சொல்லுவாள். தன்னை இல்லை" என்று சொல்லப் பார்த்தேன், கையை மேலே தூக்கி, நெஞ்சைத் தொட்டு, தலையை ஆட்டி. விளங்கியதோ தெரியாது.

என்னுடைய விசாரணை முடியவில்லையே. நானும் கேட்டேன். பெண்சாதி? ஊரில் ஒருத்தி இருந்தா, சட்டப்படி பிரிந்து கனகாலம், வளர்ந்த ஒரு மகள் இருக்கிறாள், கிழமைக்கு ஒருக்கால் கதைப்பாள். குடி? ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம். "நீங்கள்?" என்று திருப்பிக் கேட்டார். என்னை ஒருவரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. "தேத்தண்ணி மட்டும்" என்றேன்.

"நாட்டுக்கு விளையாடினது?" என்று கேட்டேன். "உண்மையா எவ்வளவு?"

சொன்னார். தொழிற்சாலைப் பட்டினமும் தகப்பனும் உண்மை. நாட்டு உடுப்பு உண்மை, கொஞ்சத் தரம். ஒரு ஆட்டம் மட்டும் விரிவாகச் சொன்னார். மழை. எதிரணியில் உலகமே அறிந்த ஒரு ஆட்டக்காரன். இவர்களுடைய பயிற்சியாளர் இவரை இறக்கி, நீ பந்தைத் தொடவேண்டாம், அவன் போகிற இடமெல்லாம் போ என்றாராம். அவ்வளவுதான் வேலை. அவன் காலைப் பார்க்கக்கூடாதாம், கால் ஏமாற்றும். கண்ணைப் பார்க்கக்கூடாதாம், கண்ணும் ஏமாற்றும். இடுப்பைப் பார்க்கவேண்டுமாம். இடுப்பால் மட்டும் பொய் சொல்ல ஏலாதாம். எழும்பி நின்று குசினி வாசலில் எனக்கு ஆடிக் காட்டினார், நோகிற காலோடு. அன்றைக்கு அந்தப் பெரிய ஆட்டக்காரன் கோல் போடவில்லை. இவரும் போடவில்லை. ஆட்டம் சமநிலை. அடுத்த நாள் பத்திரிகையில் இவருடைய பெயர் வரவில்லையாம்.

"ஒரு முழு ஆட்டமும் ஒருத்தனில ஐமிச்சப்பட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள்" என்றேன், தமிழில். அது அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் தலையை ஆட்டினார்.

"பிறகேன் ஹவுஸ்மைஸ்ரர்?"

"கால் முடிஞ்சுது" என்றார். "கை இருந்தது."

அவர் போன பிறகு நான் கோப்பைகளைக் கழுவாமல் அப்படியே இருந்தேன். இவ்வளவும் சொன்னாரே, குறைத்துச் சொல்லுகிறாரோ என்றும் ஒரு எண்ணம் வந்தது. கூட்டிச் சொல்லுகிற ஆட்களோடேயே வாழ்ந்து பழகின எனக்கு, குறைத்துச் சொல்லுகிற ஆளை எப்படி அளப்பது என்று தெரியவில்லை. எத்தனை படி ஏற்றிக் கேட்பது?

பின்னேரம் தம்பி போன் எடுத்தான். "அக்கா, ஒரு இடம் வந்திருக்கு, பிள்ளைக்கு. நோர்வேயில. நல்ல ஆக்கள், வடிவா விசாரிச்சாச்சு..."

"வேண்டாம் தம்பி. ருமேனியாக்காரருக்கு எழுத்து வைக்கப்போறம்."

"உங்களுக்கு மூளை பிசகிட்டுதோ அக்கா? புளுகனெண்டு ஊர் முழுக்கத் தெரியும்."

"புளுகினது அவர் இல்லை."

"அப்ப ஆர்?"

"எங்கட ஆள்தான்." மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவனுக்கு விளங்கியிருக்கும்.

பிறகு கேட்டான். "சரி, நான் இனிச் சனத்துக்கு அவரை என்னெண்டு சொல்லுறது?"

"ஹவுஸ்மைஸ்ரர் எண்டு சொல்லு."

"அதைப் போய் எப்பிடியக்கா..."

"வாயைத் திறந்து சொல்லு. முந்திப் பந்தடிச்சவரோ எண்டு ஆரும் கேட்டால் ஓம் எண்டு சொல்லு. கேக்காட்டில் விடு."

நான் இவ்வளவு சத்தமாக அவனோடு கதைத்தது என் நினைவில் இல்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் வேலை உடுப்போடு வாசலில் நிற்கிறாள். எப்போது வந்தாளோ. மேசையில் இருந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ஆர் வந்தது?"

"அவர்."

"என்ன சொன்னவர்? நீங்கள் என்ன சொன்னனீங்கள்? அவருக்கு என்ன விளங்கினது? அம்மா, உங்கட ஜெர்மனை வைச்சு நீங்கள் என்னத்தைச் சொல்லித் துலைச்சியள்?"

"உள்ளதைச் சொன்னனான். தலைமை ஆசிரியைக்கு அஞ்சாம் வகுப்பெண்டு சொன்னனான்."

"அதுக்கு அவர்?"

"சிரிச்சவர்."

"எப்பிடிச் சிரிச்சவர்? கோவச் சிரிப்போ?"

"எனக்கென்ன தெரியும்? நீ போய் அவரையே கேள். அவருக்குச் சரியெண்டால் நகரசபையில எழுத்துக்கு நாள் குறிச்சு ரெர்மின் எடுங்கோ. எனக்கு ஓம்."

அவள் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. என் தோளில் ஒரு தரம் முகத்தை வைத்து எடுத்துவிட்டு, வந்த படியாலேயே இறங்கிப் போனாள். யன்னலால் பார்த்தேன். பஸ் தரிப்பிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டே போனைக் காதில் வைத்துக் கையை ஆட்டி ஆட்டி என்னவோ கதைத்தாள். உள்ளதைச் சொல்லுகிறாளோ, கூட்டிச் சொல்லுகிறாளோ. இவ்வளவு உயரத்தில் இருந்து பார்க்க எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும் வரைக்கும் நின்று பார்த்தேன்.